மாலைக்குள் குரல் போய்விடுகிற ஆசிரியர்களுக்கு ஒரு செய்முறை

ஆசிரியர்களின் உடல்நலம் என்று யார் எழுத ஆரம்பித்தாலும் நடைப்பயிற்சி, தியானம், நல்ல தூக்கம் என்று ஒரு பட்டியல் வந்துவிடும். எல்லாம் சரிதான், உங்களுக்கும் தெரிந்ததுதான், அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். இந்தப் பதிவு குரலைப் பற்றி மட்டும். நாள் முழுக்கக் கத்தித் தொண்டை கட்டிக்கொள்வதும், வீட்டுக்குப் போனபின் யார் பேச்சுக் கொடுத்தாலும் எரிந்து விழுவதும் ஒரே பிரச்சினையின் இரண்டு முனைகள். எனக்கு முதலாவது சரியானதும் இரண்டாவது பெருமளவு தானாகவே அடங்கிவிட்டது.

பேசும்போது குரல்வளையில் உள்ள இரண்டு குரல் நாண்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்கின்றன, சாதாரணப் பேச்சிலேயே ஆண்களுக்கு நொடிக்கு 100 தடவைக்கு மேல், பெண்களுக்குச் சுமார் 200 தடவை. கத்தினால் அந்தத் தட்டல் பலமாகும், நாண்கள் வீங்கும், மாதக்கணக்கில் தொடர்ந்தால் நாண்களில் முடிச்சுபோலத் தடித்தும் போகலாம். மன அழுத்தத்தில் இருக்கும்போது கழுத்தும் தாடையும் வேறு இறுகிக்கொள்ளும், அதே வார்த்தையைச் சொல்லக் கூடுதல் பலம் கொடுக்க வேண்டியிருக்கும்.

படி 1: சத்தத்தோடு போட்டி போடாதீர்கள்

"இனிமேல் கத்த மாட்டேன்" என்று முடிவெடுத்துப் பயனில்லை. சுற்றிலும் சத்தம் கூடினால் நம் குரலும் நம்மை அறியாமலே உயரும். எத்தியென் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் இதை விவரித்ததால் லொம்பார்ட் விளைவு என்றே பெயர். வகுப்பில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் இதே விளைவு உண்டு என்பதுதான் சங்கடம். நீங்கள் ஏற்ற, அவர்கள் ஏற்ற, கடைசியில் தோற்பது உங்கள் தொண்டை.

எனவே கவனத்தைத் திருப்பும் வேலையைக் குரலிடமிருந்து பிடுங்கிவிடுங்கள். கைமணி, இரண்டு கைதட்டல், உயர்த்திய கை என்று எதுவானாலும் சரி, ஆனால் ஒன்றே ஒன்று, தினமும் அதே இடத்தில் நின்றுகொண்டு. மணி அடித்ததும் முன்பெஞ்சு அடங்கிவிடும், பின்னால் நாலு பேர் மட்டும் இன்னும் பேசிக்கொண்டிருப்பார்கள், "சரி, பரவாயில்லை" என்று பாடத்தைத் தொடங்கத் தோன்றும். தொடங்காதீர்கள்! நான் நெடுநாள் சிக்கிக் கிடந்தது இந்த இடத்தில்தான். முக்கால் அமைதியில் ஆரம்பித்தால் அந்த நாலு பேருக்கும் சேர்த்துக் குரலை உயர்த்த வேண்டியிருக்கும், மணி அடித்தாலும் பேசலாம் என்று வகுப்பும் கற்றுக்கொள்ளும். முழு அமைதி வரும்வரை வாயைத் திறக்காமல் நில்லுங்கள். முதல் வாரத்தில் இது பெரிய நேர விரயமாகத் தெரியும்.

ஒரு மாணவனிடம் சொல்ல வேண்டியதை அவன் பக்கத்தில் போய்ச் சொல்லுங்கள். தூரம் பாதியானால் நேரே காதுக்கு வரும் ஒலி சுமார் 6 டெசிபல் கூடும், அந்த அளவுக்கு நாம் குரலைக் குறைத்துக்கொள்ளலாம். போர்டில் எழுதிக்கொண்டே பேசுவதை அறவே விடுங்கள்.

படி 2: ஸ்ட்ரா

இதைச் சொன்னால் ஸ்டாஃப் ரூமில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சாதாரண ஸ்ட்ராவை உதடுகளுக்கு நடுவே இறுக்கிப் பிடித்து, அதன் வழியாக "ஊ" என்று மெதுவாக ஒலி எழுப்புங்கள். கீழ் சுருதியிலிருந்து மேலே, மேலிருந்து கீழே, அவசரமில்லாமல். முதல் பீரியடுக்கு முன் ஓரிரு நிமிடம், இடைவேளையில் ஒருமுறை. குரல் பயிற்சியாளர்களும் பேச்சுச் சிகிச்சையாளர்களும் பரவலாகப் பயன்படுத்துகிற முறைதான் இது. ஒலி குறுகிய குழாய் வழியே போவதால் பின்னோக்கி ஒரு அழுத்தம் உண்டாகும், அதனால் நாண்கள் முட்டி மோதாமல் இலகுவாக அதிரும்.

பலர் "ஒரு மாற்றமும் தெரியவில்லை" என்று விட்டுவிடுவதற்குக் காரணம் காற்று மூக்கு வழியாகக் கசிவது. சோதிப்பது சுலபம்: ஒலி எழுப்பும்போதே ஸ்ட்ராவின் மறுமுனையை விரலால் மூடுங்கள். ஒலி உடனே நிற்க வேண்டும். நிற்காமல் முனகல் தொடர்ந்தால் மூக்கிலோ உதட்டோரத்திலோ கசிவு இருக்கிறது. அப்புறம், கன்னத்தை உப்பவைத்து ஊதவும் கூடாது, இது பலூன் இல்லை.

படி 3: தண்ணீர், கனைப்பு, கிசுகிசுப்பு

குடிக்கிற தண்ணீர் குரல் நாண்களைத் தொடுவதே இல்லை, அது உணவுக்குழாய் வழியே போகிறது. உடம்பில் சேர்ந்த பிறகுதான் நாண்களுக்கு ஈரம் கிடைக்கும். ஆகவே தொண்டை கட்டிய பிறகு மடமடவென்று குடிக்காமல், காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். கனைக்கத் தோன்றினால் எச்சிலை விழுங்குங்கள். தொண்டை கட்டியிருக்கும்போது கிசுகிசுப்பது ஓய்வு என்று நினைக்காதீர்கள், பலருக்கு அது கூடுதல் சிரமம்தான் தரும். தாழ்ந்த இயல்பான குரல் போதும். தொண்டையை மரத்துப்போகச் செய்யும் மிட்டாய்கள் எனக்குப் பிடிக்காது. வலி மறையும், அந்தத் தைரியத்தில் இன்னும் கத்துவோம்.

படி 4: மைக்

பெரிய வகுப்பு என்றால் கூச்சப்படாமல் இடுப்பில் மாட்டும் சின்ன ஸ்பீக்கரோடு வரும் மைக் வாங்குங்கள். குரல் பிரச்சினை உள்ள ஆசிரியர்களை வைத்துச் செய்து 2002இல் வெளியான ஓர் ஆய்வில், வெறும் குரல் பராமரிப்பு அறிவுரை பெற்றவர்களைவிட மைக் பயன்படுத்தியவர்களுக்கே தெளிவான பலன் கிடைத்தது. காலர் மைக் வேண்டாம், ஹெட்செட் மைக்தான் என் ஓட்டு. தலையைத் திருப்பினாலும் வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் மாறாது, துணி உரசும் சத்தமும் வராது. வாய்க்கு நேரே வைத்தால் மூச்சுக்காற்று "புஸ்" என்று அடிக்கும், உதட்டோரமாகத் தள்ளி வையுங்கள்.

ஃப்ரீ பீரியட் கிடைத்தால் வாரத்தில் ஓரிரண்டையாவது பேசாமல் கழியுங்கள், விடைத்தாள் திருத்துவதை அதில் வைத்துக்கொள்ளலாம்.

குரல் கரகரப்பு நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி நாண்களைப் பார்க்கச் சொல்லுங்கள். மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமம், இருமலில் ரத்தம், கழுத்தில் கட்டி என்றால் நான்கு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம்.

பின்சேர்க்கை: ஒருவர் தனக்குக் காலையில்தான் குரல் மோசம், மதியம் தேறிவிடுகிறது என்று எழுதியிருந்தார். அது கத்தியதால் வந்ததாக இல்லாமல், இரவில் வயிற்று அமிலம் மேலேறி வருவதாலும் இருக்கலாம். சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுத்துப் பாருங்கள், மாறவில்லை என்றால் மருத்துவர்தான்.

இன்னொன்று: மைக் "கீ" என்று அலறுவதாகப் பலரும் கேட்டீர்கள். ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மறுபடி மைக்குக்குள் போவதால்தான் அது. ஸ்பீக்கரை மேஜையில் மாணவர்களைப் பார்த்தபடி வைத்துவிட்டு, அதன் முன்னால் போகாமல் பின்னால் நின்று பேசுங்கள், வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்றாதீர்கள்.