கல்லூரி மூடினாலும் பாடம் நிற்காமல் இருக்க

வெள்ளமோ, தொற்றோ, வேலைநிறுத்தமோ வந்து கல்லூரி திடீரென மூடிவிட்டால், முதல் வேலையாகப் பாடத்திட்டத்தை எடுத்து, இன்னும் நடத்தாத அலகுகளை ஒரு தாளில் எழுதி வையுங்கள். எது விட்டுப்போகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தால்தான் தேட முடியும்.

2020-ல் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் கல்விக்கூடங்கள் மூடப்பட்டன. நான் பார்த்த வரையில், அப்போது மாணவர்களை மிகவும் சோர்வடைய வைத்தது, இணைய வகுப்பில் விட்டுவிட்டு வந்த வீடியோதான். ஆசிரியர் சமன்பாட்டின் பாதியில் உறைந்து நிற்பார். திரும்ப வரும்போது பலகை அழிந்திருக்கும்.

இதற்குக் கைகொடுப்பது ஒலிப்பதிவு. வினாடிக்கு 64 கிலோபிட் (கேபிபிஎஸ்) தரத்தில் ஒரு மணி நேரப் பேச்சு சுமார் 29 எம்பிதான். வீடியோ என்றால் நூற்றுக்கணக்கில் போகும். "வகுப்பை ஒலியாகப் பதிந்து, பலகைக் குறிப்பைப் பிடிஎஃப்பாகச் சேர்த்து அனுப்ப முடியுமா, சார்?" என்று தயங்காமல் கேளுங்கள். இணைப்பு கிடைக்கும் பத்து நிமிடத்தில் இறக்கிக்கொண்டு, பிறகு நிதானமாகக் கேட்கலாம்.

விட்டுப்போன அலகுகளுக்கு, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை வெளியிடும் எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேர் இணையதளம் நல்ல துணை. இலவசம்; பல பாடங்களுக்கு விரிவுரைக் குறிப்புகளும் விடையுடன் கூடிய தேர்வுத்தாள்களும் உண்டு.

செய்முறை வகுப்பை மட்டும் திரையோடு முடித்துவிடாதீர்கள். வேதியியல் ஆய்வகத்தில் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டைத் திருகி, நிறம் மாறும் அந்த ஒரு சொட்டில் நிறுத்தும் கைப்பழக்கம் வீடியோ பார்த்து வராது. கல்லூரி திறந்ததும் அதற்குத் தனியாக நாட்கள் ஒதுக்கும்படி துறைத்தலைவரிடம் இப்போதே எழுதிக் கொடுங்கள்.