தலையும் வாலும் யாருக்கு? வீட்டு வேலையில் நாம் செய்யும் தவறுகள்

மீன் குழம்பு வைக்கிற வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. நடுத்துண்டெல்லாம் அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் போய்விடும். கடைசியில் சாப்பிட உட்காரும் அம்மாவுக்குத் தலையும் வாலும் சட்டியில் ஒட்டிய குழம்பும்தான். எங்கள் வீட்டில் வீட்டு வேலையும் இதே மாதிரிதான் பங்கு பிரிந்திருந்தது. அது எனக்கு உறைக்கப் பன்னிரண்டு வருடம் ஆனது.

தாம்பரத்தை ஒட்டிய ஓர் அடுக்குமாடியில் இரண்டு படுக்கையறை வீடு. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். மகள் ஏழாவது, மகன் இரண்டாவது. கூடவே என் அம்மா. "மெஷின் நான் போட்டுடறேன்" என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். கூடையில் கிடந்ததை அள்ளி உள்ளே போட்டு, பவுடரைக் கொட்டி, பட்டனை அமுக்குவேன். மொத்தம் மூன்று நிமிடம். நாளைக்கு மகளுக்கு பி.டி. பீரியட், வெள்ளைச் சீருடை வேண்டும் என்று நினைவு வைத்திருந்தது மனைவி. சட்டைப் பையில் பேனா இருக்கிறதா என்று துழாவியதும் அவள்தான். தூறல் விழுந்ததும் மொட்டை மாடிக்கு ஓடியது, மடித்தது, எது யாருடையது என்று பிரித்து அலமாரியில் வைத்தது, இதெல்லாம் அவளும் அம்மாவும். நான் நடுத்துண்டைத் தின்றுவிட்டுக் கை கழுவியிருக்கிறேன்.

எந்த வீட்டு வேலைக்கும் ஒரு தலை உண்டு: இது தேவை என்று கவனிப்பது. ஒரு வால் உண்டு: பழையபடி எடுத்து வைத்து மூடுவது. நடுவில் இருப்பதைத்தான் நாம் வேலை என்று சொல்கிறோம். வீடு எப்போதும் கலைந்தே கிடப்பதற்கும், வீட்டில் ஒருவர் மட்டும் எப்போதும் சிடுசிடுப்பாக இருப்பதற்கும் காரணம் பெரும்பாலும் தலையிலும் வாலிலும்தான் இருக்கிறது.

"சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே"

இதுதான் முதல் தவறு, மிகப் பெரிய தவறும் கூட. சொல்வதே ஒரு வேலை. எண்ணெய் தீரப்போகிறது, மகனுக்கு நகம் வளர்ந்துவிட்டது, தண்ணீர் கேன் ஒன்றுதான் மிச்சம் என்று நாள் முழுக்கத் தலைக்குள் ஓட்டிக்கொண்டே இருக்கிறவர், அதை இன்னொருவருக்கு நினைவூட்டவும் வேண்டுமென்றால் அவருக்கு என்ன சுமை குறைந்தது?

மத்திய அரசு எடுக்கும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் ஒரு கணக்கு இருக்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் 2019இல் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97. 2024இல் பெண்கள் 289, ஆண்கள் 88. ஐந்து வருடத்தில் பெண்களுக்குப் பத்து நிமிடமும் ஆண்களுக்கு ஒன்பது நிமிடமும் குறைந்திருக்கிறது, இடைவெளி மட்டும் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. ஆபீஸ் போகும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே "உளுந்து ஊற வெச்சோமா" என்று யோசிப்பது எந்தக் கணக்கில் வரும் என்று தெரியவில்லை.

ஆகவே வேலையைத் துண்டு போட்டுப் பங்கிடாதீர்கள், முழு மீனாகக் கொடுங்கள். எங்கள் வீட்டில் துணி இப்போது முழுக்க என் பொறுப்பு. சீருடை இல்லையென்றால் பிள்ளைகள் என்னைத்தான் கேட்பார்கள். மளிகையும் சிலிண்டரும் மனைவியிடம். பூஜை அலமாரியையும் செடிகளையும் அம்மா யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

கொடுத்த பிறகு மேற்பார்வை பார்க்கக் கூடாது. இது சொல்ல எளிது. நான் மடித்த முதல் வாரத் துணியைப் பார்த்து அம்மா, "என்னடா இது, போண்டா மாதிரி சுருட்டி வெச்சிருக்க?" என்றார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் ராத்திரி எல்லாவற்றையும் எடுத்துத் திரும்ப மடித்தாள். அப்படிச் செய்தால் பொறுப்பு பழையபடி அவளிடமே போய்விடும் என்று ஒரு சண்டை போட்டுத்தான் தீர்த்தோம். இப்போது போண்டாவோடு எல்லோரும் வாழப் பழகிவிட்டார்கள்.

துணியில் நான் கற்றது

பவுடர் அதிகம் போட்டால் அழுக்கு அதிகம் போகும் என்றுதான் நானும் நினைத்தேன். முன்பக்கம் திறக்கும் மெஷினுக்கு நுரை குறைவாக வரும் பவுடர் தனியாக இருக்கிறது. கையால் துவைக்கும் பவுடரைப் போட்டால் நுரை பொங்கி, அலசல் சரியாக நடக்காமல், சோப்பு துணியிலேயே தங்கிவிடும். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் மடிப்பிலும் அது போய் ஒட்டிக்கொள்ளும். துவைத்த துணியில் ஒரு முடை நாற்றம் வருகிறதே, பல வீடுகளில் அது இங்கேதான் ஆரம்பிக்கிறது. துவைத்து முடித்ததும் ரப்பரை ஒரு துணியால் துடைத்து, கதவைக் கொஞ்சம் திறந்தே விடுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் உள்ளே போய் விளையாடாதபடி ஒரு கண் இருக்கட்டும். போர் தண்ணீரில் துவைக்கிறவர்கள் அவ்வப்போது உப்புப் படிவு நீக்கும் பவுடர் போட்டு வெந்நீரில் வெறும் மெஷினை ஓட்டுவது நல்லது. எங்கள் பக்கத்துத் தண்ணீரில் குழாயே வெள்ளை பூத்து நிற்கும், மெஷின் மட்டும் தப்புமா?

இன்னொன்று, துணியைச் சேர்த்து வைத்து ஞாயிற்றுக்கிழமை நான்கு லோடு போடுவது. நான்கு லோடு துவைக்கலாம். நான்கு லோடு காயப்போடக் கொடி எங்கே இருக்கிறது? ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதைச் செய்து பார்த்தால் தெரியும். ஹாலில் கொடி கட்டி, ஃபேனை ஐந்தில் வைத்து, ஜட்டி பனியன்களுக்கு நடுவே குனிந்து குனிந்து நடக்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு லோடு என்று மாற்றியதும் இந்தக் கூத்து நின்றது. லோடு போடும் நாளை விட மடிக்கும் நேரத்தை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். மடிக்க நேரமில்லாத நாளில் துவைத்தால் அது நேராக நாற்காலிக்குப் போகும். ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒரு நாற்காலி இருக்கிறது. அதில் யாரும் உட்கார்ந்து பல வருடம் ஆகியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை யுத்தம்

வாரம் முழுக்க விட்டுவிட்டு ஞாயிறு காலை வீட்டையே கவிழ்த்துப் போட்டுச் சுத்தம் செய்வது நிறைய வீடுகளில் வழக்கம். போகிக்கும் ஆயுத பூஜைக்கும் அது சரி. வாரா வாரம் அப்படிச் செய்தால், இருக்கிற ஒரு லீவு நாளில் எல்லோரும் எல்லோர் மேலும் எரிந்து விழுந்ததுதான் மிச்சம். திங்கள் சாயங்காலமே வீடு பழைய கோலத்துக்கு வந்துவிடும்.

இதைச் சரிக்கட்ட நான் ஒரு தடவை நான்கு வண்ண ஸ்கெட்ச் பேனாவில் அட்டவணை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். ஒன்பது நாள் உயிரோடு இருந்தது. ஆறரைக்கு இது, ஏழுக்கு அது என்பதெல்லாம் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நடக்காது. எப்படியும் நடக்கிற ஒன்றோடு இன்னொன்றைக் கட்டிவிட்டால் நடக்கிறது. குக்கரில் பருப்பு வைத்தால் மூன்று விசிலுக்கு அடுப்படியை விட்டு நகர முடியாது. அந்த நேரத்தில் சமையல் மேடை துடைத்தாகிவிடும், ராத்திரி கழுவிக் கவிழ்த்த பாத்திரம் அலமாரிக்குப் போய்விடும். டிக்காஷன் இறங்குகிற நேரத்தில் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில்களை நிரப்பலாம்.

பெரிதாகத் துடைக்கிற நாளில் வரிசை முக்கியம். தரையைப் பெருக்கித் துடைத்துவிட்டு அண்ணாந்து பார்த்து ஒட்டடை அடிப்பவர்கள் இருக்கிறார்கள். நானும் இருந்தேன். ஒட்டடை, ஃபேன், அலமாரி, கடைசியில் தரை. ஃபேன் இறக்கைக்குப் பழைய தலையணை உறையை மாட்டி உருவினால் தூசி உறைக்குள்ளேயே விழும், கட்டிலில் கொட்டாது.

டப்பா வாங்கி அடுக்கினால் வீடு ஒழுங்காகிவிடும் என்று நம்பாதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு கட்டைப்பை நிறையக் கட்டைப்பைகள் இருக்கின்றன. அதை ஒழுங்குபடுத்த ஒரு டப்பா வாங்கலாமா என்று கூட யோசித்தோம்.

சிங்க்

பாத்திரம் தேய்க்க ஓர் அக்கா வருகிறார். அவர் வரும் வரை எல்லாம் சிங்கில் கிடக்கட்டும் என்பது எங்கள் பழைய கொள்கை. பருக்கை காய்ந்து ஒட்டிய தட்டை அவரும் கஷ்டப்பட்டுத்தான் தேய்க்க வேண்டும். சாப்பிட்டவர் எச்சிலைக் கொட்டி, தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வைத்தாலே பாதி வேலை குறையும். பாலாடை பிடித்த பாத்திரமும் தோசை மாவுப் பாத்திரமும் அப்படித்தான். ராத்திரி சிங்கைக் காலி செய்து, ஜாலியில் சிக்கிய சோற்றையும் கறிவேப்பிலையையும் எடுத்துப் போட்டுவிட்டுப் படுத்தால் கரப்பான்பூச்சிக்கு விருந்து கிடைக்காது. அக்கா வராத நாளை எதிர்பாராத விபத்தாக நினைப்பதும் தவறுதான். அவருக்கும் காய்ச்சல் வரும், ஊரில் திருவிழா வரும். வாரம் ஒரு நாள் லீவு என்று நாமே கொடுத்துவிட்டால், அந்த ஒரு நாளை எப்படி ஓட்டுவது என்று வீட்டுக்கும் பழகிவிடும்.

கலக்கக் கூடாததைக் கலப்பது

மற்றத் தவறுகளால் நேரம் போகும், இதில் உயிரே போகலாம். பாத்ரூம் பளிச்சென்று ஆக வேண்டும் என்று ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகப் போடுகிறவர்கள் உண்டு. கழிப்பறைக் கோப்பைக்குப் போடும் திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அது பிளீச்சோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். நான்குக்கு ஆறு அடி பாத்ரூமில், கதவைச் சாத்திக்கொண்டு குனிந்து தேய்க்கிறவருக்கு அது நேராக நெஞ்சுக்குள் போகும். ஒரு நாள் ஒன்று, நன்றாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிய பிறகு இன்னொரு நாள் மற்றது. தெரியாமல் கலந்து நெடி ஏறினால் தேய்ப்பதை அப்படியே விட்டுவிட்டு வெளியே காற்றோட்டத்துக்கு வந்துவிடுங்கள். மூச்சுத் திணறினால் ஆஸ்பத்திரிக்குப் போக யோசிக்கவே கூடாது. பாத்ரூம் கழுவ வருகிறவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

இதற்கு நேர் எதிர், ஆபத்தில்லாத ஆனால் வீணான வேலை, சோடா மாவில் எலுமிச்சைச் சாறு ஊற்றுவது. வீடியோவில் நுரைத்துப் பொங்கும்போது பார்க்க நன்றாக இருக்கும். பொங்குவது கார்பன் டை ஆக்சைடு. இரண்டும் ஒன்றின் வேலையை ஒன்று கெடுத்துக்கொண்டு, மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். எண்ணெய்ப் பிசுக்குக்கு சோடா மாவைத் தனியாகத் தடவுங்கள், குழாயின் உப்புக் கறைக்கு எலுமிச்சையைத் தனியாகத் தேயுங்கள். பழைய வீடுகளின் கடப்பா கல் மேடையில் மட்டும் எலுமிச்சையோ வினிகரோ வேண்டாம். அது சுண்ணாம்புக் கல் வகை, புளிப்பு பட்டால் மினுமினுப்பு போய் வெளிறிவிடும். மொசைக் தரைக்கும் பளிங்குக்கும் இதே கதைதான்.

தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்மை நிரப்பி மூடினால் வேலை முடிந்தது என்று நினைப்பதும் வாலை விட்டுவிடுவதுதான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தண்ணீர் மட்டத்தை ஒட்டிய சுவரில் முட்டை இடும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாள் ஆகும். வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் ஒட்டிய முட்டை போகாது, காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாரம் ஒரு தடவை உள்பக்கத்தை பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சேரும் தட்டையும் அப்படியே.

பிள்ளைகள்

"நீ படி, அது போதும்" என்று சொல்லிச் சொல்லியே நாம் பழக்காமல் விட்டுவிடுகிறோம். இல்லையென்றால் ஒரு வேலையைக் கொடுத்து, அது கோணலாக இருக்கிறது என்று அவர்கள் கண் முன்னாலேயே திருத்துகிறோம். இரண்டாவது படிக்கிறவனுக்கு சாக்ஸ் ஜோடி சேர்ப்பது விளையாட்டு. எங்கள் வீட்டில் அவன்தான் சாக்ஸ் அதிகாரி, என் ஆபீஸ் சாக்ஸையும் அவனிடம்தான் கேட்டு வாங்க வேண்டும். மகளிடம் கொடுத்தது டிபன் பாக்ஸ்: தினமும் பையிலிருந்து எடுத்து, மிச்சத்தைக் கொட்டி, தண்ணீர் விட்டு சிங்கில் வைப்பது.

அவளுக்கு வெள்ளிக்கிழமை மட்டும் மறந்துவிடும். லீவு சந்தோஷத்தில் பை மூலைக்குப் போகும், திங்கள் காலை ஏழு மணிக்குத்தான் திறக்கும். மூன்று நாள் தயிர்சாதம் எப்படி இருக்கும் என்று விவரிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். அட்டவணையால் நடக்காதது இதிலும் கட்டிவிட்டதால்தான் நடந்தது: வெள்ளி சாயங்காலம் டிவி ரிமோட் வேண்டுமென்றால் டிபன் பாக்ஸைக் கொடுத்து வாங்க வேண்டும். நாற்றம் பிடித்த டப்பாவை எத்தனை தேய்த்தாலும் போகவில்லையே என்றால், மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பாருங்கள். எல்லாம் அதன் அடியில்தான் இருக்கும். வளையத்தைத் தனியாக சோடா மாவு கரைத்த வெந்நீரில் ஊறவைத்து, வெயிலில் காயவிட்டு, மறக்காமல் திரும்ப மாட்டுங்கள். ஒரு தடவை அதை நான் மாட்ட மறந்து, சாம்பார் முழுக்கக் கணக்கு நோட்டில் ஊற்றியிருந்தது.