2 நொடிக்குள் முடிந்த காமா வெடிப்பு: முத்திரை குத்தும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

விண்வெளியில் எங்கோ திடீரென்று பீறிடும் காமா கதிர்களைத்தான் காமா வெடிப்பு என்கிறோம். அது 2 நொடிக்குள் அடங்கினால் குறுகிய வெடிப்பு, குறுகியது என்றால் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (செத்த பெருவிண்மீன்களின் மிக அடர்ந்த எச்சங்கள்) மோதியிருக்கும், நீண்டது என்றால் பெருவிண்மீன் ஒன்று குலைந்திருக்கும் என்ற வாய்ப்பாட்டை நம்பித்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். அந்த 2 நொடி இயற்கை கிழித்த கோடு இல்லை. காம்ப்டன் விண்கலத்தின் பேட்ஸி கருவி பதிவுசெய்த வெடிப்புகளின் கால அளவை 1993-இல் வரைந்து பார்த்தபோது இரண்டு குவியல்கள் தெரிந்தன, நடுவிலிருந்த பள்ளத்தில் அந்த எண் கிடந்தது, அவ்வளவுதான். இரண்டின் ஓரங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன.

கைப்பழக்கத்துக்கு ஜிஆர்பி 200826ஏ என்ற வெடிப்பை எடுத்துக்கொள்ளுங்கள் (ஜிஆர்பி என்பது காமா கதிர் வெடிப்பின் ஆங்கிலச் சுருக்கம், எண் அது தெரிந்த தேதி). 2020 ஆகஸ்ட் 26 அன்று ஃபெர்மி விண்கலம் பிடித்தது, நீளம் சுமார் 1 நொடி. நாசாவின் ஹீசார்க் காப்பகத்தில் தரவு இலவசம். ஒவ்வொரு ஃபோட்டானும் வந்த நேரத்தை 2 மைக்ரோநொடித் துல்லியத்தில் குறித்துவைத்த கோப்புகளையும், கூடவே உணரிகளின் மறுமொழிக் கோப்புகளையும் (எந்த ஆற்றலுக்கு உணரி எப்படிப் பதில் தரும் என்று சொல்பவை) இறக்குங்கள். ஃபெர்மியில் 12 சோடியம் அயோடைடு உணரிகளும் 2 பிஸ்மத் ஜெர்மனேட் உணரிகளும் உண்டு. எல்லாவற்றையும் கூட்டிப்போட வேண்டாம். வெடிப்பு வந்த திசையிலிருந்து 60 பாகைக்குள் பார்த்துக்கொண்டிருந்தவை போதும், மற்றவை இரைச்சலைத்தான் சேர்க்கும்.

முதலில் 64 மில்லிநொடிக் கூறுகளாகப் பிரித்து ஒளிவளைவை (நேரத்தோடு எண்ணிக்கை எப்படி மாறுகிறது என்ற வரைபடம்) வரையுங்கள், அப்புறம் 16-க்கு இறங்குங்கள்.

மாட்டிக்கொள்ளும் இடம் பின்னணிதான், அதாவது வெடிப்பு இல்லாதபோதும் உணரியில் விழுந்துகொண்டிருக்கும் எண்ணிக்கை. வெடிப்புக்கு முன்னும் பின்னும் சில பத்து நொடிகளை எடுத்து, முதலாம் அல்லது இரண்டாம் படிப் பல்லுறுப்புக் கோவையைப் பொருத்துங்கள். நான் ஆரம்பத்தில் ஆர்வக்கோளாறில் நான்காம் படி வரை போய், பின்னணிக்கான பகுதியையும் வெடிப்புக்கு ரொம்பப் பக்கத்திலிருந்தே எடுத்து, மங்கலாக நீண்டிருந்த வாலைப் பின்னணியோடு சேர்த்துக் கழித்துவிட்டேன். கோடு அழகாகப் பொருந்தியது, விடைதான் தப்பு. பின்னணியைக் கழித்தபின் மிஞ்சும் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே வந்து, 5 விழுக்காட்டிலிருந்து 95 விழுக்காடு வரை ஆன நேரத்தை அளந்தால் அதுதான் டி90. எந்த ஆற்றல் பட்டையில் அளந்தீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள் (ஃபெர்மி குழுவின் வழக்கம் 50 முதல் 300 கிலோ எலக்ட்ரான் வோல்ட்), பட்டை மாறினால் விடையும் மாறும்.

சரி, இனிதான் விசாரணை. தாழ்ந்த பட்டை ஒன்று, உயர்ந்த பட்டை ஒன்று என இரண்டு ஒளிவளைவுகள் வரைந்து, எது எவ்வளவு பிந்துகிறது என்று குறுக்கு ஒப்புமையால் (ஒன்றை மற்றதன்மேல் நகர்த்தி, எங்கே நன்றாகப் பொருந்துகிறது என்று தேடுவது) பாருங்கள். மோதலில் பிறந்த வெடிப்பில் இந்தப் பிந்தல் கிட்டத்தட்டப் பூச்சியம். 200826ஏ-வில் தாழ்ந்த ஆற்றல் தெளிவாகவே பிந்தி வருகிறது, அது நீண்ட வகையின் குணம். அடுத்து நிறமாலையைப் பொருத்தி உச்ச ஆற்றலை (கதிர்வீச்சு மிகுந்து வெளிப்படும் ஆற்றல்) கண்டுபிடியுங்கள். தூரத்தைச் சொல்லும் செம்பெயர்ச்சி தெரிந்தால் (இதற்கு 0.748) மொத்த ஆற்றலையும் கணக்கிட்டு, உச்ச ஆற்றலையும் மொத்த ஆற்றலையும் எதிரெதிரே வைக்கும் அமாட்டி உறவு வரைபடத்தில் புள்ளி வையுங்கள். அது நீண்ட வெடிப்புகளின் கூட்டத்தில் போய் உட்காரும். சில வாரம் கழித்து அதே இடத்தில் ஜெமினி தொலைநோக்கி சூப்பர்நோவாவின் ஒளியையும் பார்த்தது. ஆக, இது பெருவிண்மீன் ஒன்று குலைந்து விழுந்த கதை.

இன்னொரு சந்தேக ஆசாமியும் உண்டு: மேக்னெட்டார், அதாவது மிகக் கடுமையான காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன். 2020 ஏப்ரல் 15-இல் வந்த 200415ஏ மொத்தமே 140 மில்லிநொடிதான், சட்டென்று எகிறியது, திசை பக்கத்து விண்மீன் மண்டலமான (கேலக்ஸி) என்ஜிசி 253-ஐக் காட்டியது. இப்படி அருகிலுள்ள மண்டலம் ஏதாவது திசைப் பிழைவட்டத்துக்குள் (வெடிப்பு இருந்திருக்கக்கூடிய வான்பகுதி) விழுகிறதா என்று பார்க்காமல் விடாதீர்கள். வெடிப்பு மிகப் பிரகாசமாக இருந்தால் உணரி திணறி எண்ணிக்கையைத் தவறவிட்டிருக்கும், அந்தத் துண்டை நிறமாலையில் சேர்க்க வேண்டாம்.

தலைகீழாகவும் நடக்கும். 211211ஏ ஏறக்குறைய 50 நொடி நீண்டது, ஆனால் பின்னால் தெரிந்ததோ மோதலின் அடையாளமான கிலோநோவா என்ற ஒளிர்வு. அதனால் உங்கள் குறிப்பில் டி90-ஐ ஒரு வரியில் முடித்துவிட்டு, பிந்தல், உச்ச ஆற்றல், இருந்த மண்டலம் மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். தூரம் தெரியாவிட்டால் வகை என்ற கட்டத்தைக் காலியாகவே விடுங்கள்.