ஆஸ்துமா கிளினிக்கில் டொக்டரிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது?

விடியற்காலையிலேயே நம்பர் எடுத்து, மணிக்கணக்கில் வாங்கில் காத்திருந்து, கடைசியில் டொக்டருக்கு முன்னால் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அவர் "எப்படி இருக்கு?" என்பார், நாம் "பரவாயில்லை டொக்டர்" என்போம். அதே மருந்து மறுபடியும் எழுதப்படும். இழுப்பு வருவது பெரும்பாலும் இரவில், அல்லது விடியும் நேரத்தில். பத்து மணிக்குக் கிளினிக்கில் மூச்சு ஒழுங்காகத்தான் இருக்கும். ஆகவே இரவில் நடந்ததை நாம்தான் சொல்ல வேண்டும்.

முதலில், கொப்பியில் குறியுங்கள். கிளினிக் தேதிக்கு நான்கு வாரம் முன்பே தொடங்கிவிடுங்கள். பகலில் இழுப்பு வந்த நாள், இரவில் தூக்கம் கலைந்த நாள், நீல பம்ப் (இழுப்பு வந்ததும் உடனே மூச்சு சீராக அடிப்பது) அடித்த நாள், மூச்சு வாங்கி வேலையை நிறுத்திய நாள்: இந்த நான்கும் போதும். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் நீல பம்ப் தேவைப்பட்டாலோ, ஒரு இரவாவது இழுப்பு எழுப்பிவிட்டாலோ, நோய் முழுதாக அடங்கவில்லை என்று அர்த்தம். "அடிக்கடி வருது" என்பதைவிட "போன வாரம் மூன்று இரவு எழும்பினேன்" என்பதுதான் டொக்டரை யோசிக்க வைக்கும். சிங்களம் மட்டுமே தெரிந்த டொக்டராக இருந்தாலும் இலக்கத்துக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை.

அடுத்து, எதற்குப் பிறகு இழுக்கிறது? தோட்டத்து லயன் காம்பராவில் விறகடுப்புப் புகை, மழைக்காலத்தில் சுவரில் பூக்கும் பூஞ்சணம், தொழிற்சாலையில் தேயிலை சலிக்கும் தூசு, தேயிலை மலையில் பூச்சிமருந்து அடிக்கும் நாள், நுவரெலியாப் பனிக்குளிர். எதுவானாலும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். பிரஷருக்கும் மூட்டுவலிக்கும் குடிக்கும் மாத்திரை அட்டைகளையும் கொண்டு போங்கள். அஸ்பிரின், இபுபுரொஃபென் போன்றவை சிலருக்கு இழுப்பைக் கிளப்பிவிடும். பிரஷர் மாத்திரைகளிலும் அப்படிச் சில உண்டு.

பம்பை அடித்துக் காட்டுங்கள். என்னைக் கேட்டால் முக்கியமானது இதுதான். "நான் அடிக்கிறத ஒருக்கா பாருங்க டொக்டர்" என்று கேளுங்கள். மூடியைக் கழற்றிக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, பம்பை உதட்டால் இறுக்கிப் பிடித்து, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அமுக்க வேண்டும். அப்புறம் பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடிக்க வேண்டும். பலர் முதலில் அமுக்கிவிட்டுப் பிறகுதான் இழுக்கிறார்கள்; மருந்து நாக்கில் படிந்து வீணாகிறது. இந்த நேரக்கணக்கு பிடிபடாவிட்டால் ஸ்பேசர் (பம்பில் பொருத்தி அதன் வழியாக மருந்தை இழுக்கும் குழாய்) பற்றிக் கேளுங்கள்.

தினமும் அடிக்கத் தரும் பம்ப், பொதுவாக மண்ணிறத்தில் இருப்பது, மூச்சுக்குழாயின் உள்வீக்கத்தைக் குறைப்பதற்கு. அடித்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். "பம்ப் பழகிப்போகும்" என்று யாரோ சொன்னதை நம்பி நிறுத்தியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். ஏசினால் ஏசட்டும், தெரியாவிட்டால் மருந்து போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிவிடுவார்.

எழும்புமுன், இழுப்பு கடுமையானால் நீல பம்பை எத்தனை தடவை அடிப்பது, எப்போது ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது என்று கேட்டுக் கொப்பியிலேயே எழுதி வாங்குங்கள். ஒரு வசனத்தை முழுதாகப் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பம்புக்கு அடங்காவிட்டாலோ உடனே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஆனால் தோட்டத்து ரோட்டில் அது ஏறிவர நேரமெடுக்கும், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.