௲௩௱௪௰௭ என்பது எத்தனை? பழைய தமிழ் எண்களைப் படிக்கும் முறை

பழைய பத்திரத்திலோ ஓலையிலோ தமிழ் எண் வந்தால் பலரும் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பன்னிரண்டு குறிகள் தெரிந்தால் போதும், படித்துவிடலாம்.

ஒன்று முதல் ஒன்பது வரை: ௧ ௨ ௩ ௪ ௫ ௬ ௭ ௮ ௯. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲. இதில் ௧ 'க' மாதிரியும் ௨ 'உ' மாதிரியும் ௮ 'அ' மாதிரியும் இருப்பதால் மனதில் சீக்கிரம் பதியும். தடுமாற வைப்பவை ௰, ௱ இரண்டும்தான். 'ய', 'ள' என்று வாசித்துவிட்டு, ஏதோ எழுத்துப்பிழை என்று விட்டுவிடுவார்கள்.

எண்ணைப் பார்த்ததும் முதலில் ௲, ௱, ௰ எங்கே இருக்கின்றன என்று தேடுங்கள். அவற்றுக்கு முன்னால் நிற்கும் எண்ணால் பெருக்க வேண்டும். பின்னால் வருவதைக் கூட்ட வேண்டும். முன்னால் எதுவும் இல்லையென்றால் ஒன்று என்று கொள்ளுங்கள்.

௲ = 1000
௩௱ = 300
௪௰ = 40
௭ = 7

ஆக 1347. கடிகாரத்து ரோமன் எண்ணில் சின்னது முன்னால் வந்தால் கழிப்போம், இங்கே பெருக்குகிறோம். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் கணக்கு தப்பும். ௫௰ ஐம்பது, ௰௫ பதினைந்து. ௰௲ பத்தாயிரம், ௲௰ ஆயிரத்துப் பத்து. இந்த நான்கையும் எழுதிப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

இன்றைய எண்ணைத் தமிழ் எண்ணாக எழுதும்போது பூச்சியத்துக்கு வேலையே இல்லை. வேலூர்க் கோட்டைச் சிப்பாய்ப் புரட்சி நடந்த 1806-ஐ ௲௮௱௬ என்று எழுத வேண்டும். பத்தின் இடம் காலி என்பதால் அங்கே எதுவும் வராது. ௧௮௦௬ என்று இருந்தால் அது பிற்கால இடமதிப்பு முறை, நம் இன்றைய எண்ணைப் போலவே வாசிக்கலாம். ஒரே எண்ணில் இரண்டு முறையையும் கலக்காதீர்கள்.

எண்ணை ஒட்டி வரும் ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௹ ரூபாய். இவற்றையும் எண்ணாகச் சேர்த்துவிட்டால் தொகை எங்கோ போய்விடும்.

கல்வெட்டில் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. அங்கே பல இடங்களில் சக ஆண்டு என்ற பழைய ஆண்டுக் கணக்கு வரும். அதோடு 78 கூட்டினால் கிறிஸ்து ஆண்டு. தை, மாசி, பங்குனி என்றால் 79, ஏனென்றால் அதற்குள் கிறிஸ்து ஆண்டு மாறியிருக்கும். விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயிலில், திருமணத்துக்குப் பொன் கொடுப்பதையும் வாங்குவதையும் தடுத்துப் படைவீட்டு ராச்சியத்துப் பிராமணர்கள் செய்துகொண்ட உடன்படிக்கை கல்லில் இருக்கிறது. சக ஆண்டு 1347, பங்குனி மாதம். 78 கூட்டினால் 1425 என்று வரும், அது தவறு. பங்குனி என்பதால் 79 கூட்டி 1426 என்று கொள்ள வேண்டும். ஆகவே ஆண்டை மட்டும் குறித்துக்கொண்டு நகராமல், பக்கத்தில் உள்ள மாதப் பெயரையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.