தனியாக நீண்ட நாள் தங்குவதற்கு அமைதியான கடற்கரை ஊரைத் தேர்ந்தெடுப்பது எப்படி

கொழும்பிலிருந்து தனியாகப் புறப்பட்டு, ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ ஏதாவதொரு கடற்கரை ஊரில் இருந்து வரவேண்டும் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் ஊரின் பெயரிலிருந்துதான் தேடத் தொடங்குகிறார்கள். நான் மாதத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். வெள்ளவத்தையில் புகையிரதப் பாதைக்கு அப்பால் உள்ள கடலை ஆண்டு முழுவதும் பார்த்திருப்பவர்களுக்கு இதன் காரணம் தெரியும். மாசி மாதத்தில் குளம்போலக் கிடக்கும் அதே கடல், வைகாசி பிறந்ததும் கலங்கிப் பழுப்பேறி, தண்டவாளத்தை ஒட்டிய கருங்கற்களில் மோதித் தெறித்து, கடற்பக்க யன்னலோரம் அமர்ந்திருப்பவரின் சட்டையை நனைக்கிறது.

மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று மேற்குக் கரையையும் தெற்குக் கரையையும் கொந்தளிக்க வைக்கிறது. மலைநாட்டின் மறுபுறத்தில் இருக்கும் கிழக்குக் கரைக்கு அக்காற்றின் மழை பெரும்பாலும் எட்டுவதில்லை. ஆகவே நீர்கொழும்பிலிருந்து மாத்தறை வரை அலை எழும்பி நிற்கும் அதே மாதங்களில் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் கடல் தெளிந்து கிடக்கும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்றின் காலத்தில் நிலைமை தலைகீழாகிவிடும். மார்ச் பிற்பகுதியிலும் ஏப்ரலிலும் இரண்டு கரைகளுமே ஓரளவு அமைதியாக இருந்தாலும், பிற்பகலில் இடியுடன் மழை பெய்வது வழக்கம். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகும். மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி 1978 நவம்பர் 23ஆம் திகதி வீசியதை அவ்வூரின் மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்த இரண்டு மாதங்களில் தனியாகக் கிழக்குக்குப் போய் நீண்ட நாள் தங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். சில வருடங்களுக்கு முன்னர், படங்களை மட்டும் பார்த்து, கிழக்கில் ஒரு விடுதிக்கு மூன்று வார வாடகையை முற்பணமாகக் கட்டிவிட்டு, டிசெம்பர் முதல் வாரத்தில் போய் இறங்கினேன். படத்தில் இருந்த மணற்பரப்பில் பாதியைக் கடல் எடுத்திருந்தது. வேலிக் கம்பிகளில் பாசி தொங்கியது. அருகில் இருந்த மூன்று சாப்பாட்டுக் கடைகளும் கிடுகு வைத்து மறைக்கப்பட்டு மூடிக் கிடந்தன. மீதிப் பணத்தைத் திருப்பித் தர விடுதிக்காரர் மறுத்துவிட்டார். பதினோராம் நாள் கொழும்புக்குத் திரும்பினேன்.

பருவம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அந்தப் பருவத்தின் உச்சத்தையும் தவிர்க்க வேண்டும். ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில் நிலாவெளியும் பாசிக்குடாவும் பஸ் பஸ்ஸாக வரும் குடும்பங்களால் நிரம்பிவிடும். சித்திரைப் புத்தாண்டு வாரத்தில் எந்தக் கரையிலும் அமைதி கிடைக்காது. தெற்கில் நத்தார் முதல் ஜனவரி நடுப்பகுதி வரை அறை விலையும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும். அமைதியை நாடுபவர் கிழக்குக்கு மே மாதத்திலோ செப்டெம்பரிலோ போகலாம். தெற்குக்குப் பெப்ரவரி இறுதியிலும் மார்ச்சிலும் போகலாம். ஜூன், ஜூலை மாதங்களில் மட்டக்களப்புப் பக்கம் போகிறவர்கள் கச்சான் காற்றை மறக்கக்கூடாது. நிலத்தின் சூட்டை அள்ளிக்கொண்டு வரும் அந்த வறண்ட காற்று மத்தியானத்தில் தகரக் கூரை அறையை அடுப்பாக்கிவிடும். வேம்போ பூவரசோ நிழல் தரும் ஓட்டு வீடு கிடைத்தால், கடலுக்கு இருநூறு மீற்றர் தள்ளி இருந்தாலும் அதையே எடுங்கள்.

இனி ஊர்கள். தெற்குக் கரையின் பெரிய வசதி புகையிரதம். வெள்ளவத்தையில் ஏறிக் கடலைப் பார்த்தபடியே மாத்தறை வரை போகலாம், 2019ஆம் ஆண்டிலிருந்து பாதை பெலியத்த வரை நீள்கிறது. ஆனால் ஹிக்கடுவை, உணவட்டுன, மிரிஸ்ஸ ஆகிய இடங்களில் பருவ காலத்தில் இரவு நெடுநேரம் இசை ஒலிக்கும். திக்குவல்லைக்கு அருகிலுள்ள ஹிரிகெட்டிய, குதிரை லாட வடிவில் அமைந்த மிக அழகான சிறு குடா. ஆயினும் அலைச்சறுக்குக்காரரும் மடிகணினியோடு வந்து தங்குவோரும் அதைக் கண்டுபிடித்துவிட்டதால் அங்கே ஒரு மாதம் அமைதியாக இருப்பது கடினம். தெற்கில் எனது தேர்வு தங்காலைக்குக் கிழக்கே நீளும் மணற்கரைகள். அருகிலுள்ள ரேக்கவ கரைக்கு இரவில் ஆமைகள் முட்டையிட வருகின்றன. அதனால் அங்கு இருளையும் அமைதியையும் பேணும் பழக்கம் இருக்கிறது. ஆனால் அங்கே கரை செங்குத்தாக இறங்குவதாலும் அலை வலிமையாக அடிப்பதாலும், நாள்தோறும் நீந்த விரும்புபவருக்கு அது ஏற்ற இடமாகாது.

கிழக்கில் உப்புவெளி திருகோணமலை நகருக்கு மிக அருகில் இருக்கிறது. நகரின் சந்தையும் வைத்தியசாலையும் திருக்கோணேச்சரமும் ஓட்டோ தூரத்தில் இருப்பதால், முதன்முறை தனியாகத் தங்குபவருக்கு நான் உப்புவெளியையே சொல்வேன். அதற்கு வடக்கே உள்ள நிலாவெளியில் கரை இன்னும் அகலமானது, புறாமலைத் தீவுக்குப் படகும் அங்கிருந்துதான் போகிறது, ஆனால் மாலைக்குப் பின் ஊர் அடங்கிவிடுவதால் வெளியே போய்வருவது சிரமம். பாசிக்குடாவில் கடல் முழங்கால் ஆழத்தில் நெடுந்தூரம் போகும். நீந்தத் தெரியாதவர்கூட அச்சமின்றி இறங்கலாம். எனினும் அந்தக் குடாவைச் சுற்றிப் பெரிய ஹோட்டல்கள் வரிசையாக நிற்கின்றன. அதை அடுத்துள்ள கல்குடாவில் கட்டடங்கள் குறைவு, மணல் நீளமானது. வாழைச்சேனையின் சந்தை, வங்கி, வைத்தியசாலை ஆகியன சில கிலோமீற்றர் தூரத்தில் உள்ளன. தமிழில் பேசி, தமிழில் கடன் சொல்லி, தமிழில் காய்ச்சலுக்கு மருந்து கேட்டு ஒரு மாதம் வாழ விரும்பும் கொழும்புக்காரருக்கு கல்குடாவை விடப் பொருத்தமான இடத்தை நான் இன்னும் காணவில்லை.

அறுகம்பை அலைச்சறுக்குக்கான ஊர். மே முதல் ஒக்டோபர் வரை கலகலப்பாக இருக்கும், மற்ற மாதங்களில் பெரும்பாலும் மூடிக் கிடக்கும். கற்பிட்டியில் அதே மாதங்களில் காற்று ஓயாமல் வீசி, மூடிய யன்னலுக்குள்ளும் மணலைக் கொண்டுவரும். பட்டம் இழுக்கக் கடலில் சறுக்கும் பட்டச்சறுக்குக்காரர் தேடி வருவது அந்தக் காற்றைத்தான். கற்பிட்டிக்குப் போகும் பாதையிலுள்ள தலவில் புனித அன்னம்மாள் தேவாலயத் திருவிழாக்கள் நடைபெறும் மார்ச், ஓகஸ்ட் மாதங்களில் அந்தப் பாதை முழுவதும் யாத்திரிகர்களால் நிறைந்திருக்கும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். கடலில் இறங்க வேண்டிய தேவை இல்லை, கடலின் பக்கத்தில் வாழ்ந்தால் போதும் என்பவர்கள் பருத்தித்துறையை நினைத்துப் பார்க்கலாம். காலையில் கரையோர வீதியில் நடந்து, மாலையில் தட்டைவடையோடு தேநீர் குடித்து நாட்களைக் கழிக்க அது நல்ல ஊர்.

ஓர் ஊர் மனதுக்குப் பிடித்துவிட்டால், அதன் கரையை மறந்துவிட்டு ஊரைப் பாருங்கள். அங்குள்ள ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் மத்தியானத்தில் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். அப்படி ஒரு கடை இருந்தால் அது பருவம் முடிந்தாலும் திறந்திருக்கும், சோறும் கறியும் உள்ளூர் விலையில் கிடைக்கும். சுற்றுலாப் பயணிகளை நம்பி மட்டுமே நடக்கும் சாப்பாட்டுக் கடைகளில் பத்து நாளுக்குப் பிறகு எதைச் சாப்பிட்டாலும் ஒரே சுவையாக இருக்கும். அறுந்த செருப்பைத் தைக்க ஆள் இருக்கிறாரா, இரவு எட்டு மணிக்கு மருந்துக்கடை திறந்திருக்கிறதா, நகரிலிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பன இரண்டு நாள் விருந்தாளிக்குத் தேவையற்ற கேள்விகள். இரண்டாவது வாரத்தில் இருப்பவருக்கு அவையே முதன்மையானவை.

அறையைப் பார்க்கப் போகும்போது கையில் ஒரு சிறு துண்டுச் சவர்க்காரத்தைக் கொண்டு செல்வது எனது வழக்கம். குழாயைத் திறந்து கையைக் கழுவிப் பார்ப்பேன். நுரை எழும்பாமல் கையில் பசைபோல ஒட்டினால் கிணற்றில் உவர் ஏறியிருக்கிறது என்று பொருள். அந்தத் தண்ணீரில் ஒரு மாதம் தலைக்குக் குளித்தால் முடி கயிறாகிவிடும், துணிகள் விறைத்துப் போகும். பிறகு வீட்டுக்காரரிடம் ஒரு தேநீர் கேட்பேன். அதில் உப்புக் கரித்தால் குடிநீருக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டிவரும். கைபேசி இணைப்பை முற்றத்தில் நின்று பார்ப்பதில் பயனில்லை. கதவையும் யன்னல்களையும் சாத்திவிட்டு, கட்டிலில் அமர்ந்து, மாலை ஏழு மணிக்கு ஒரு வீடியோ அழைப்பு எடுத்துப் பாருங்கள். மொழிபெயர்ப்பு வேலையைக் கையோடு கொண்டுபோகும் எனக்கு டயலொக், மொபிடெல் இரண்டின் சிம் அட்டைகளும் இல்லாமல் பயணமில்லை, ஏனெனில் ஒன்று எடுக்காத மூலையில் மற்றது எடுக்கும்.

அமைதியைச் சோதிப்பதற்கு இரவு தேவை. மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகில் அதிகாலை இரண்டு, மூன்று மணிக்கே இயந்திரப் படகுகள் புறப்படும். தெற்கில் புகையிரதம் கடலோரமாகவே போவதால் அதன் ஊதல் ஒலி அறைக்குள் கேட்கும். கோயில் திருவிழாவும் பள்ளிவாசல் பாங்கும் தேவாலய மணியும் ஊரின் வாழ்க்கை. அவற்றைக் குறையாகக் கருதுபவர் ஊருக்குள் தங்கக்கூடாது. ஆனால் பக்கத்து வளவில் கல்யாண மண்டபமோ, பாதி கட்டிய விடுதியோ இருந்தால் தயங்காமல் வேறு இடம் பாருங்கள்.

தனியாகத் தங்குபவருக்கு, அதிலும் பெண்ணுக்கு, வீட்டுக்காரரின் குடும்பம் அதே வளவில் குடியிருப்பதை விடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை. முதல் நாளே அந்த வீட்டு அம்மாவிடம் நான் யார், என்ன வேலை செய்கிறேன், ஏன் தனியாக வந்திருக்கிறேன் என்று நேராகச் சொல்லிவிடுவேன். “தனியவோ பிள்ளை?” என்ற கேள்வி கட்டாயம் வரும், அதை மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, ஏனெனில் அந்தக் கேள்வியைக் கேட்டவரே பிறகு நீங்கள் இருட்டியும் திரும்பாவிட்டால் படலையில் நின்று பார்ப்பார். கிழக்கு, வடக்குக் கரைகளில் உள்ளூர்ப் பெண்கள் முழு உடையோடுதான் கடலில் இறங்குவார்கள். நீங்களும் அப்படிச் செய்தால் தேவையற்ற பார்வைகள் குறையும். 119 பொலிஸ், 1990 அம்புலன்ஸ் என்ற இரண்டு இலக்கங்களையும் கைபேசியில் மட்டுமன்றித் தாளிலும் எழுதி வைத்திருங்கள்.

கடலைப் பற்றி மீனவரிடமே கேட்க வேண்டும். நிலாவெளியில் ஒரு காலை, கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்களின் அருகில் நின்றேன். இரண்டு வரிசையாகக் கயிற்றைப் பிடித்து, குதிக்காலை மணலில் புதைத்து, ஓசைக்கு ஓசை பின்னால் சாய்ந்து இழுத்தார்கள். வலை கரையைத் தொட்டபோது சூடை மீன்கள் வெள்ளியாய்த் துடித்தன. இழுத்து முடித்துக் கயிற்றைச் சுருட்டிய ஐயா ஒருவர், வலை வளைக்கிற இடத்தில் அடியில் கல் இருக்காது, கல் இருந்தால் வலை கிழிந்துவிடும் என்று சொல்லி, குளிக்க ஏற்ற இடத்தைக் கையால் காட்டினார். அத்தோடு, இருபுறமும் அலை உடையும்போது நடுவில் மட்டும் உடையாமல் கருத்து அமைதியாகத் தெரியும் நீர்ப்பரப்பைக் காட்டி, அங்கே இறங்காதே பிள்ளை, அது வெளியே இழுக்கும் என்றார். கடற்கரையில் இறப்பவர்களில் பலர் அந்த அமைதியான இடத்தை நம்பித்தான் இறங்குகிறார்கள். அப்படி இழுபட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், கரைக்குச் சமாந்தரமாக நீந்தி இழுவையிலிருந்து விலகிய பின்னரே கரைக்குத் திரும்ப வேண்டும். தனியாக இருப்பவர், கரையில் வேறு எவரும் இல்லாதபோது இடுப்பளவுக்கு மேல் இறங்கவே கூடாது. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கிய கரைகள் இவை. போன முதல் நாள் மாலையிலேயே உயரமான இடத்துக்கு எந்த ஒழுங்கையால் போவது என்று ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.

வாடகையைப் பேசுவதற்கு முன் இரண்டு இரவு தங்குங்கள். அவற்றில் ஒன்று சனிக்கிழமை இரவாக இருக்கட்டும், மற்றது வாரநாளாக இருக்கட்டும். மாதக் கணக்கில் பேசினால் நாள் வாடகையிலிருந்து நன்றாகவே குறைப்பார்கள், குறிப்பாகப் பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும். மின்கட்டணம் வாடகைக்குள் அடங்குமா என்று தெளிவாகக் கேட்டு, தனியென்றால் மின்மானியின் இலக்கத்தை வீட்டுக்காரரின் முன்னிலையிலேயே படமெடுங்கள். முதலில் ஒரு வாரத்துக்கு மட்டும் பணம் கொடுத்து, அந்த வாரம் நல்லபடியாகக் கழிந்த பிறகு மீதியைக் கொடுங்கள். இடையில் புறப்பட நேர்ந்தால் எத்தனை நாள் முன்னறிவித்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை, வாட்ஸ்அப்பிலாவது, அவர் கையால் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.