கேம்பாய் அட்வான்ஸில் புதுத் திரை பொருத்தியபின் வரும் கோளாறுகள்: கடலோரத்தில் எங்கே தேடுவது

நிண்டெண்டோ நிறுவனம் 2001இல் வெளியிட்ட கைவிளையாட்டுக் கருவியான கேம்பாய் அட்வான்ஸின் முதல் வடிவத்துக்குப் பின்னொளி கிடையாது என்பதால், அதன் பழைய திரையை எடுத்துவிட்டு, பின்னொளியுள்ள ஐபிஎஸ் வகைத் திரையைப் பொருத்துவது இப்போது பரவலான கைவேலையாகிவிட்டது. கீழக்கரையிலும் தொண்டியிலும் வளைகுடா நாடுகளிலிருந்து வந்த பழைய கருவிகள் பீரோவில் கிடக்கும் வீடுகள் உண்டு. வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது. பொருத்தியபின் ஓரிரு நிமிடத்தில் கருவி அணைந்துவிட்டாலோ, புது மின்கலம் போட்டும் பச்சை விளக்கு சிவப்பாக மாறினாலோ, பெரும்பாலானோர் திரையைத்தான் குறை சொல்கிறார்கள். இராமநாதபுரம் கடலோரத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது, மின்கலத்திலிருந்து ஸ்விட்ச் வழியாக உள்ளே இருக்கும் மின்சுற்றுப் போர்டுக்கு மின்சாரம் வரும் பாதையை.

காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் நிலையம் வைத்தது காரணமில்லாமல் அல்ல. காற்றில் வரும் உப்புத்துகள் ஸ்விட்சுக்குள்ளும் மின்கல முனைகளிலும் படிகிறது. ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானாக நீரை இழுத்துக் கசியத் தொடங்குகிறது. இங்கே பல காலைகளில் அந்த அளவை எட்டிவிடும். பழைய திரை மிகக் குறைந்த மின்னோட்டத்தில் இயங்கியதால் அரித்த ஸ்விட்ச் அதற்குப் போதுமானதாக இருந்தது. பின்னொளியுள்ள திரைக்கு அது போதாது.

மின்னழுத்தமும் தடையும் அளக்கும் மல்டிமீட்டரை எடுப்பதற்கு முன், விளையாட்டு அடங்கிய கேம் கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிட்டுக் கருவியை இயக்கிப் பார்க்க வேண்டும். கார்ட்ரிட்ஜ் இல்லாமலும் தொடக்க ஒலியும் சின்னமும் வர வேண்டும். ஒலி வந்து படம் வராவிட்டால் போர்டு உயிரோடு இருக்கிறது, திரை அல்லது அதைப் போர்டோடு இணைக்கும் தட்டையான ரிப்பன் கேபிள் பக்கம் போகலாம். ஒலியும் இல்லை, விளக்கும் இல்லை என்றால் மின்பாதைதான். கார்ட்ரிட்ஜ் இல்லாமல் சரியாக வந்து, போட்டால் மட்டும் தடுமாறினால், கார்ட்ரிட்ஜின் முனைகளைத் துடைப்பதோடு வேலை முடிந்துவிடும்.

பின்மூடியைத் திறந்தால் மின்கலங்கள் நிற்க இடமில்லாமல் போகும். ஆகவே இரண்டு ஏஏ மின்கலங்களைத் தனி ஹோல்டரில் வைத்து, பாசிட்டிவ், நெகட்டிவ் மாறாமல் போர்டின் முனைகளில் குரோக்கடைல் கிளிப்பால் இணைக்கவும். இப்படி இணைத்தால் ஓடுகிறது, மூடியோடு ஓடவில்லை என்றால், குற்றவாளி மூடியிலுள்ள தகடுகளும் ஸ்பிரிங்குகளும்தான். இப்படியும் தடுமாறினால், கருவி இயங்கிக்கொண்டிருக்கும்போதே மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசி அளவில் வைத்து, ஸ்விட்சுக்கு மின்சாரம் வரும் காலிலும் அதிலிருந்து வெளியேறும் காலிலும் இரு முனைகளையும் தொட்டுப் பார்க்க வேண்டும். நல்ல ஸ்விட்சில் அங்கே கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். ஒரு ஓம் தடை இருந்தாலே, 200 மில்லிஆம்பியர் ஓடும்போது 0.2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். சார்ஜ் செய்யும் நிக்கல் மின்கலம் இரண்டு போட்டால் மொத்தமே 2.4 வோல்ட் என்பதை நினைத்துப் பார்த்தால் இழப்பின் அளவு புரியும். அணைத்து வைத்துத் தடையை மட்டும் அளப்பதை நான் நம்புவதில்லை, ஏனெனில் சுமை இல்லாத நேரத்தில் அரித்த ஸ்விட்சும் சாது போலத் தோன்றும்.

ஸ்விட்சைச் சுத்தம் செய்ய, மின்கலத்தைக் கழற்றிவிட்டு 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைச் சில துளிகள் உள்ளே விட்டு, முன்னும் பின்னும் பலமுறை தள்ளி, முழுவதும் காய்ந்தபின் மறுபடி அளக்க வேண்டும். முன்னேற்றம் தெரிந்தும் போதாவிட்டால் திரும்பச் செய்யலாம். அளவு சிறிதும் மாறாவிட்டால் ஸ்விட்சை மாற்றுவதுதான் வழி. தேங்காய் எண்ணெயும் வண்டி கிரீஸும் வேண்டாம், அவை தூசியையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மின்கல முனையில் வெள்ளைத்தூள் இருந்தால் அது அல்கலைன் மின்கலம் கசிந்ததன் மிச்சம். பஞ்சில் தொட்ட வினிகரால் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் வினிகரையும் எடுத்துவிட வேண்டும். பச்சை படிந்த தகட்டை நுண்ணிய உப்புத்தாளால் இலேசாக மட்டும் தேய்க்கலாம், மேற்பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்காலத்திலேயே மீண்டும் அரிக்கும்.

மின்பாதை சரியாக இருந்தும் திரையில் கோடுகள் தெரிந்தால் ரிப்பன் கேபிளைப் பார்க்கவும். இக்கருவியின் போர்டுகளில் 40 முனை, 32 முனை என இரு வகை உண்டு. திரையோடு வந்த கேபிள் எதற்கானது என்று எண்ணிச் சரிபார்க்காமல் தள்ளக் கூடாது. பூட்டுப்பட்டையை இருபுறமும் விடுவித்து, கேபிளைக் கோணாமல் கடைசிவரை செருகி, பிறகு பூட்ட வேண்டும். திறந்திருக்கும்போது ஓடி, திருகை இறுக்கியதும் நின்றுபோனால், மூடியின் உட்புற விளிம்பு திரையை அல்லது கேபிளை அழுத்துகிறது, அல்லது திரையின் பின்புறச் சாலிடர் போர்டைத் தொடுகிறது என்று பொருள். முதலாவதற்கு, திரை அழுத்தமில்லாமல் அடங்கும்படி விளிம்பைக் கொஞ்சம் செதுக்க வேண்டும். இரண்டாவதற்கு இடையில் கேப்டன் (Kapton) எனும் மின்காப்பு டேப் ஒட்டினால் போதும்.

எதுவுமே உயிர் பெறவில்லையென்றால், மின்கலம் இல்லாத நிலையில் போர்டிலுள்ள ஃப்யூஸை, மின்பாதை அறுந்திருக்கிறதா என்று காட்டும் மல்டிமீட்டரின் தொடர்ச்சிச் சோதனையில் பார்க்கவும். போயிருந்தால் அதே அளவு ஃப்யூஸைத்தான் போட வேண்டும், வெறும் கம்பியால் இணைத்தால் அடுத்த ஷார்ட்டில் போர்டே போகும். எல்லாம் சரியானபின், மழையோ பனியோ இல்லாத நண்பகலில் மூடியைப் பூட்டி, விளையாடாத நாட்களில் மின்கலத்தை எடுத்துவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் டப்பாவில் வைக்கவும்.